பம்பு பிரிவை விற்கிறார்கள்: ஆம் என்பதா, வேண்டாம் என்பதா?

பாபநாசம் வாத்தியார் கேட்டது:

வணக்கம். நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன். பங்குச்சந்தைப் பக்கம் நானாகப் போனவனல்ல. என் மாமனார் கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். கம்பெனி முதன்முதலில் பங்கு வெளியிட்டபோது ஊழியர்களுக்கென்று ஒதுக்கியதில் கொஞ்சம் வாங்கிப் போட்டார். போனஸ் பங்குகள் எல்லாம் சேர்ந்து இன்று 600 பங்குகள் என் மனைவியின் டீமேட் கணக்கில் இருக்கின்றன. எங்கள் வாழைக்கொல்லையில் இன்றும் தண்ணீர் இறைப்பது அதே கம்பெனி மோட்டார்தான்.

இப்போது அந்தக் கம்பெனி, பம்பு பிரிவையே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு 1,150 கோடி ரூபாய்க்கு விற்கப் போவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. மொத்த விற்பனையில் 62 சதவீதம் அந்தப் பிரிவிலிருந்து வருகிறது. அது போய்விட்டால் மிச்சம் இருப்பது வார்ப்பட ஆலை மட்டும். தபால்வழி வாக்கெடுப்பு என்று பெயர், ஆனால் கணினியில்தான் வாக்களிக்க வேண்டுமாம். இன்னும் 19 நாள் இருக்கிறது.

அறிவிப்புக்கு முன் பங்கு விலை 340. அறிவித்ததும் 425 வரை ஏறிவிட்டு இப்போது 390-இல் நிற்கிறது. என் மைத்துனர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: மொத்தம் 3.6 கோடி பங்குகள், 1,150 கோடியை வகுத்தால் பங்குக்கு 319 ரூபாய். எனவே 390 ரூபாய் பங்கில் 319 பணமாகவே வந்துவிடும், வார்ப்பட ஆலை முழுவதும் வெறும் 71 ரூபாய்க்குக் கிடைக்கிறது, இன்னும் 500 பங்கு வாங்குங்கள் என்கிறார். புனேவில் இருக்கும் மகன் "ஆம் என்று போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் அப்பா" என்கிறான். வகுத்தல் சரிதான். ஆனால் 36 ஆண்டு விடைத்தாள் திருத்திய எனக்கு, விடை இவ்வளவு அழகாக வந்தாலே வினாவை இன்னொரு முறை படிக்கத் தோன்றும். எதைப் பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அம்பத்தூர் பழையவன்:

ஐயா, நான் 22 ஆண்டுகள் கம்பெனிச் செயலர் அலுவலகங்களில் இருந்தவன். உங்களுக்கு வந்திருக்கும் அறிவிப்பைப் போல எத்தனையோ தயாரித்திருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன்.

முதலில் தலைவரின் கடிதத்தை ஒதுக்கி வையுங்கள். "முக்கியத் தொழிலில் கவனம் செலுத்துதல்" என்று எழுதியிருப்பார்கள். விற்பனையில் 62 சதவீதம் தருவது முக்கியத் தொழில் இல்லையென்றால் வேறு எது என்று கேட்க ஆளில்லை. தீர்மானத்துக்குப் பின்னால் "விளக்க அறிக்கை" என்று சிறிய எழுத்தில் சில பக்கங்கள் இருக்கும். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். சொல்ல விரும்பியதை முதல் பக்கத்திலும், சொல்லியே தீர வேண்டியதைக் கடைசிப் பக்கத்திலும் வைப்பது எங்கள் வழக்கம்.

உங்கள் மைத்துனர் செய்த தவறு, விற்ற விலையைக் கைக்கு வரும் பணம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் பெரிய ஆறு ஓடுகிறது. வோக்ஹார்ட் 2020 பிப்ரவரியில் உள்நாட்டு மருந்து வணிகத்தின் ஒரு பகுதியை டாக்டர் ரெட்டீஸுக்கு 1,850 கோடிக்கு விற்க ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. ஜூனில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். கைமாறும் நாளில் 1,483 கோடி, மூன்றாம் ஆள் பொறுப்பில் வைக்கும் கணக்கில் 67 கோடி, மிச்சம் 300 கோடி அடுத்த 12 மாத விற்பனையைப் பொறுத்து. தலைப்புச் செய்தியில் 1,850 அப்படியே இருந்தது. உங்கள் அறிக்கையிலும் "பிடித்து வைக்கப்படும் தொகை", "நடைமுறை மூலதனத் திருத்தம்" (கைமாறும் நாளில் உள்ள சரக்கு, பாக்கிகளைப் பார்த்து விலையை ஏற்றி இறக்குவது) என்ற சொற்களைத் தேடுங்கள். பிறகு கடன், வரி, ஆலோசகர் கட்டணம். கடனை அடைப்பது பணத்தைக் கடலில் கொட்டுவது ஆகாது, வட்டி மிச்சமாகும். ஆனால் அது உங்கள் பைக்கு வரும் பணமும் இல்லை.

அடுத்து, மிஞ்சும் பணத்தை என்ன செய்யப் போகிறார்கள்? எல் அண்டு டி தன் மின்சாதன, ஆட்டோமேஷன் பிரிவை ஷ்னைடருக்கு 14,000 கோடிக்கு விற்பதாக 2018 மே 1 அன்று அறிவித்தது. பணம் கைமாறியது 2020 ஆகஸ்ட் 31 அன்று, அதாவது 28 மாதம் கழித்து. அப்போது ஏறக்குறைய 140 கோடி பங்குகள். மைத்துனர் கணக்குப்படி பங்குக்கு 100 ரூபாய் வந்திருக்க வேண்டும். சிறப்பு ஈவுத்தொகையாக வந்தது 18 ரூபாய். மீதி கம்பெனிக்குள்ளேயே இருந்தது. அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அது பல தொழில் செய்யும் பெரிய வீடு, ஒரு அறையை விற்றாலும் வீடு நின்றது. உங்கள் கம்பெனி இரண்டு அறை வீடு. அதில் பெரிய அறையை விற்கிறார்கள்.

பணம் நிறைய இருந்து, போக்கிடம் தெரியாவிட்டால் கம்பெனியே வேறொன்றாகிவிடும். பிரமல் ஹெல்த்கேர் 2010-இல் உள்நாட்டு மருந்து வணிகத்தை அபாட்டுக்கு 372 கோடி டாலருக்கு விற்றது. அதிலும் 212 கோடி உடனே, மீதி ஆண்டுக்கு 40 கோடி வீதம் நான்கு தவணை. நல்ல விலை என்று ஊரே பாராட்டியது, நானும் பாராட்டினேன். 600 ரூபாய் வீதம் பங்குகளைத் திரும்ப வாங்கவும் செய்தார்கள். ஆனால் பிறகு அந்தப் பணம் வோடஃபோன் இந்தியப் பங்குகளுக்குப் போனது, அங்கிருந்து லாபத்தோடு திரும்பியது, கட்டட நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கப் போனது. மருந்துக் கம்பெனியின் பங்கை வாங்கியவர், தூங்கி எழுந்தபோது கடன் கொடுக்கும் கம்பெனியின் பங்குதாரராக இருந்தார். சிலருக்கு அது பிடித்தது. ஆனால் யாரும் அதற்காக வாங்கவில்லை.

இதைவிட எனக்கு வலிப்பது நம் ஊர்க் கதை. நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலையில் ஆர்க்கிட் கட்டடத்தை எத்தனை முறை கடந்திருப்பேன். 2009 டிசம்பரில் ஆர்க்கிட் கெமிக்கல்ஸ் தன் ஊசி மருந்துப் பிரிவை அமெரிக்காவின் ஹோஸ்பிராவுக்கு 40 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. கடன் சுமை இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். 2012-இல் அவுரங்காபாதில் இருந்த மூலமருந்து ஆலையையும் அதே ஹோஸ்பிராவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். 2017-இல் திவால் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போய், 2020-இல் தனுகா என்ற மருந்து நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய பங்குதாரர்களின் பங்கு கரைந்து ஒரு துளியாயிற்று. அதனால்தான் சொல்கிறேன், விற்பதைப் பற்றி அறிக்கையில் பத்துப் பக்கம் இருந்தாலும் விற்காமல் விடுவதைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். வார்ப்பட ஆலை தன் காலில் நிற்குமா? அதன் வார்ப்புகளை இத்தனை நாள் வாங்கிக்கொண்டிருந்தது யார்?

இன்னும் ஒன்று. நிறுவனர் குடும்பத்துக்கு வாங்குபவர் தனியாக ஏதாவது கொடுக்கிறாரா என்று பாருங்கள். "போட்டியிடாமைக் கட்டணம்" என்று இருக்கும், அதாவது அதே தொழிலை மறுபடி தொடங்காமல் இருப்பதற்கான பணம். எனக்குச் சம்பளம் கொடுத்த ஒரு இடத்தில் அந்த வரியை எத்தனையாவது பக்கத்தில் வைப்பது என்று இரண்டு மணி நேரம் கூட்டம் போட்டோம்.

உங்கள் 600 பங்கு எந்த மூலைக்கு என்று நினைக்காதீர்கள். இது சிறப்புத் தீர்மானம், பதிவான வாக்குகளில் முக்கால்வாசி ஆதரவு வேண்டும். அது மட்டும் போதாது. 2023-இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கொண்டுவந்த விதிப்படி, இப்படிப்பட்ட விற்பனைக்கு நிறுவனர் தரப்பை நீக்கிவிட்டு எண்ணினாலும் பொதுப் பங்குதாரர்களின் ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைவிட அதிகமாக இருக்க வேண்டும். பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்று அறிக்கையில் சொல்வதும் அதே விதியில் கட்டாயம். எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

---

கரூர் தறிவீடு:

ஐயா, பெரியவர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைத்துனர் பேச்சைக் கேட்டு இன்னும் 500 பங்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) தொழிலை விற்றுவிட்டுப் பங்குக்கு 140 ரூபாய் சிறப்பு ஈவுத்தொகை அறிவித்தது. 310 ரூபாய்க்கு 200 பங்கு வாங்கினேன். 28,000 ரூபாய் வந்தது, சந்தோஷம். ஆனால் ஈவுத்தொகைத் தகுதி முடிந்த நாளே விலை 165-க்கு வந்துவிட்டது. அதாவது என் பணத்தையே எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கு வரியும் நானே கட்டினேன். எங்கள் வருமானம் 30 சதவீத வரம்பில் வருவதால் 8,700 ரூபாய் போயிற்று. பங்கில் வந்த நஷ்டத்தை ஈவுத்தொகை வருமானத்தில் கழிக்க முடியாது என்று ஆடிட்டர் அப்புறம்தான் சொன்னார். முன்னால் கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு காப்பியோடு முடிந்திருக்கும்.

---

அம்பத்தூர் பழையவன்:

கரூர் அம்மா சொல்வதற்கு ஊரறிந்த உதாரணம் மெஜெஸ்கோ என்ற மென்பொருள் கம்பெனி. 2020-இல் அமெரிக்கக் கிளை நிறுவனத்தை விற்றுவிட்டுப் பங்குக்கு 974 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்தது. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த பங்கு அந்த வாரமே 12 ரூபாய் அளவுக்கு இறங்கியது. கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை, தொழிலும் பணமும் போனபின் மிஞ்சியது அவ்வளவுதான். வாத்தியார் ஐயா வீட்டில் வருமானம் அம்மையார் பெயரில் குறைவாக இருந்தால் வரி பெரிதாகக் கடிக்காது. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ஈவுத்தொகை கொடுத்தால் கம்பெனியே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளும், கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும்.

---

ஒரகடம் இரண்டாம் ஷிப்ட்:

எல்லோரும் விற்றதையே பேசுகிறீர்கள். விற்பனையில் சேர்க்காமல் விட்டதையும் பாருங்கள். நோக்கியா 2013-இல் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்றது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரி வழக்கில் சிக்கியிருந்ததால் 2014 ஏப்ரலில் கைமாறியபோது அதைச் சேர்க்கவில்லை. ஆலை நோக்கியாவிடமே தங்கி, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வாங்குகிறவன் பழத்தைப் பறித்துக்கொண்டு மட்டையை நம்மிடமே விட்டுப் போவான். பழைய வரி வழக்கு, தொழிலாளர் பாக்கி, சுற்றுச்சூழல் நோட்டீஸ் எல்லாம் யார் தலையில் என்று பாருங்கள். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: ஃபின்லாந்துப் பங்குதாரர்களுக்கு அந்த விற்பனை நல்லதாகவே முடிந்தது. 26 சென்ட் சிறப்பு ஈவுத்தொகை கிடைத்தது. அடுத்த ஆண்டே வாங்கியவர் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார். நாங்கள் இங்கே சிப்காட் வாசலில் காலியான பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

---

பாபநாசம் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக விளக்க அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். கையில் சிவப்பு மை பேனா இருந்தது.

1,150 கோடியில் 150 கோடி இரண்டு ஆண்டுக்குப் பிடித்து வைக்கப்படும், பம்பு விற்பனை குறிப்பிட்ட அளவைத் தொட்டால்தான் வரும். கடன் 420 கோடி அடைக்கப்படும். வரியும் செலவும் 130 கோடி என்று அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். மிஞ்சுவது 450 கோடி, பங்குக்கு 125 ரூபாய். மைத்துனரின் 319 எங்கே, இது எங்கே. இந்த 125-இலும் எவ்வளவு தருவார்கள் என்று இல்லை. "வளர்ச்சி வாய்ப்புகளுக்கும் பொதுத் தேவைகளுக்கும்" பயன்படுத்தப்படும், ஈவுத்தொகை பற்றி இயக்குநர் குழு "பரிசீலிக்கலாம்" என்று இருக்கிறது.

வார்ப்பட ஆலை பற்றிய பத்தி ஐந்தே வரி. அதன் உற்பத்தியில் 40 சதவீதம் பம்பு பிரிவுக்குத்தான் போகிறதாம்! வாங்குபவர் மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் உண்டு. நான்காம் ஆண்டு என்ன என்பதற்கு விடையில்லை. பழைய வரி வழக்குகள் ஒரகடம் நண்பர் சொன்னது போலவே விற்பவரிடமே தங்குகின்றன.

பெரியவர் சொன்ன அந்த வரியும் இருந்தது. 31-ஆம் பக்கம். நிறுவனர் குடும்பத்துக்குப் போட்டியிடாமைக் கட்டணம் 45 கோடி.

பிறகு நானே ஒரு கணக்குப் போட்டேன், திருத்துங்கள். பம்பு பிரிவின் லாபம், வட்டி, தேய்மானம், வரி கழிக்குமுன், 95 கோடி. அதை 1,150-க்கு விற்றால் 12 மடங்கு. ஆலையின் லாபம் 45 கோடி. இன்றைய 390 ரூபாய் விலையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பு 1,404 கோடி. அதில் 450 கோடி பணத்தையும், வருமென்று நம்பி 150 கோடியையும் கழித்தால் 804 கோடி. அதாவது ஆலையைச் சந்தை கிட்டத்தட்ட 18 மடங்குக்கு எடை போடுகிறது. நல்ல பசுமாட்டை 12-க்கு விற்றுவிட்டு, கன்றை 18-க்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களா? அல்லது நான் எங்கேயாவது தப்பினேனா?

---

அம்பத்தூர் பழையவன்:

தப்பவில்லை ஐயா. ஒன்று சேர்க்கலாம். அறிவிப்புக்கு முன் 340 ரூபாய் விலையில் மொத்தக் கம்பெனி, கடனையும் கூட்டினால், 1,644 கோடி. மொத்த லாபம் 140 கோடி என்றால் ஏறக்குறைய 11.7 மடங்கு. பம்பு பிரிவைக் கொடுத்தது 12.1-க்கு. ஆக, ஊருக்கெல்லாம் பெயர் தெரிந்த பிரிவை முழுசாகத் தூக்கிக் கொடுப்பதற்குக் கிடைத்த கூடுதல் அரை மடங்குகூடத் தேறாது. தலைமை அலுவலகச் செலவையும் இனி ஆலை ஒன்றே சுமக்கும், அதனால் ஆலையின் அந்த 45 கோடி லாபத்தையும் முழுசாக நம்பாதீர்கள்.

போட்டியிடாமைக் கட்டணம் 45 கோடி விஷயத்தில் என் கருத்து கடுமையானது. வாங்குபவரின் பை ஒன்றுதான். நிறுவனருக்குத் தனியாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் கம்பெனிக்கு வந்திருக்கக்கூடிய ரூபாய். போட்டித் தொழில் தொடங்கமாட்டேன் என்ற வாக்குறுதிக்கு நியாயமான விலை உண்டு என்று வாதிடுவார்கள். நானும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வார்ப்படம் மட்டும் வைத்துக்கொள்ளும் குடும்பம் நாளைக்கே இன்னொரு பம்பு கம்பெனி தொடங்கிவிடும் என்று நானும் நம்பவில்லை, வாங்குபவரும் நம்பியிருக்க மாட்டார்.

வாக்களிப்பதும் பங்கை விற்பதும் இரண்டு வெவ்வேறு முடிவுகள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தகுதித் தேதியில் பங்கு கையில் இருந்தால் போதும், வாக்கு உண்டு. எதிர்த்து வாக்களித்துவிட்டு விற்கலாம், ஆதரித்துவிட்டும் விற்கலாம். தீர்மானம் தோற்றால் விலை மறுபடி 340-க்கு வர வாய்ப்பிருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு முறை போட்ட வாக்கை மாற்ற முடியாது. அதற்கு முன் கம்பெனிச் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 450 கோடியில் பங்குதாரருக்கு எவ்வளவு, நான்காம் ஆண்டு வார்ப்பை யார் வாங்குவார், 45 கோடி எந்த அடிப்படையில் என்று மூன்றே கேள்வி. பதில் எவ்வளவு சுற்றி வளைக்கிறது என்பதே பாதி பதில்.

---

பாபநாசம் வாத்தியார்:

மின்னஞ்சல் போட்டேன். ஆறாம் நாள் பதில் வந்தது. முதல் கேள்விக்கு "இயக்குநர் குழு உரிய நேரத்தில் முடிவெடுக்கும்". இரண்டாவதற்கு "புதிய வாடிக்கையாளர்களை ஈர்க்கும் பணி தொடர்கிறது". மூன்றாவதற்குப் பதிலே இல்லை. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் முதல் இரண்டுக்கும் அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

இரவு சாப்பாட்டின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், 18 மடங்கு வரைக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த 45 கோடியை அப்பா காலத்து முதலாளி வாங்கியிருக்க மாட்டார்" என்றாள். பிறகுதான் எனக்கு உறைத்தது: இரண்டு வாரமாக நானும் மைத்துனரும் மகனும் பேசுகிறோம், பங்கு அவள் பெயரில் இருக்கிறது, கைபேசிக்கு வரும் கடவு எண்ணும் அவளுக்குத்தான் வருகிறது.

எதிர்த்து வாக்களித்துவிட்டாள். 400 பங்குகளை 388-க்கு விற்றும்விட்டோம். 200-ஐ அப்பா நினைவாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள், அதில் நான் கணக்குப் பேசவில்லை. மைத்துனருக்குத் தெரியும், இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. மகனிடம் இன்னும் சொல்லவில்லை.